எண் இருந்த இடம்

ரந்தாவ் போகும் வழியில், கோலா சாவா என்ற சிற்றூரில் தேநீருக்காக நிற்கிறேன். வாகனப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்று கடையில் சொல்லிவிட்டேன். என் தப்புத்தான். பக்கத்து மேசைக்காரர் மாணிக்கம், தோட்டத்து லாரி ஓட்டுநர், என்னைத் தோட்டத்திலுள்ள தன் வீட்டுக்கே கூட்டிப்போகிறார். அப்பா விட்டுப்போன பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளை மூன்று வருடமாகப் புதுப்பித்திருக்கிறார். மறுபடி சாலையில் ஓட்ட, நாளை அரசுச் சோதனை. அதற்குமுன் நான் ஒருமுறை பார்த்துச் சொல்லவேண்டுமாம்.

பதிவு அட்டையோடு இன்ஜின் எண் பொருந்துகிறது. வண்டியின் இரும்புச் சட்டத்தில் எண் இருக்கவேண்டிய இடத்தில் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்க்கிறேன். ஒன்றும் விழவில்லை.

"இங்கே இருந்த நம்பர் எங்கே?"

"அதுவா சார்? துரு புடிச்சு அசிங்கமா இருந்துச்சு. கிரைண்டர் போட்டு வழவழன்னு ஆக்கிட்டேன் லா."

"எண் இல்லாத வண்டியைச் சோதனையில் அங்கேயே பிடித்துவைத்துக்கொள்வார்கள். நீங்களே பொறித்தால் உங்களையும்."

மாணிக்கம் வண்டியை வாசலுக்குத் தள்ளிவருகிறார்.

"தோட்டத்து ரோடு கவர்மெண்டு ரோடு இல்லதான சார்?"

"இல்லை."

"அப்ப ஏறுங்க."

ஒரே உதையில் கிளம்புகிறது. செம்பனை வரிசைகளுக்கிடையே என்னை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறார். அரசுச் சாலைக்குத் திறக்கும் தோட்டத்து கேட்டுக்கு நாலடி முன்னால் திருப்புகிறார். ஐந்தாவது சுற்றிலும் அதே நாலடி.