அப்பா ஏரியைப் பளபளப்பாக்கிய கதை

எங்கள் அப்பாவுக்கு ஒரு வியாதி இருந்தது. அதற்கு ஃபைவ் எஸ் என்று பெயர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் லைன் லீடர். வேண்டியதையும் வேண்டாததையும் பிரி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கொடு, தேய்த்துப் பளபளவென்று வை என்று அங்கே சுவரெல்லாம் எழுதிப் போட்டிருப்பார்களாம். மற்றவர்கள் அதைக் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் மறந்துவிடுவார்கள். அப்பா வீட்டுக்கு எடுத்து வந்தார். உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதி ஒட்டினார். தண்ணீர்க் குடத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப்பால் சதுரம் போட்டார். குடம் கொஞ்சம் விலகியிருந்தாலும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"யோவ், கம்பெனிய கம்பெனியிலயே வுட்டுட்டு வா. உப்பு எதுன்னு எனக்குத் தெரியாதா? இத்தினி நாளா உன் கொழம்புல இன்னாத்த போட்டேன்?" என்பாள் அம்மா.

நான் நாலாவது படிக்கும்போது அந்த வியாதி ஏரிக்கும் தொற்றியது.

எங்கள் தெரு ஏரிக்கரைக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிறது. ஊர் மேட்டில் இருக்கிறது. ஏரி நிரம்பினால் ஊருக்கு நெல், உடைந்தால் எங்களுக்கு வெள்ளம் என்று அம்மா சொல்வாள். அந்த வருஷம் இரண்டுக்கும் வழியில்லாமல் கிடந்தது ஏரி. தண்ணீர் இருக்கிற இடமெல்லாம் ஆகாயத்தாமரை, இல்லாத இடமெல்லாம் வேலிகாத்தான் முள். இரண்டும் இல்லாத இடத்தில் லாரிக்காரர்கள் கொண்டுவந்து கொட்டிய கழிவு. இனி இதை மூடி லாரி நிறுத்தப் போகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. எங்கள் தெரு போர்க்குழாயில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. ஏரியில் நல்ல தண்ணீர் நின்றால்தான் போரில் நல்ல தண்ணீர் ஊறும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் யார் இறங்குவது?

அப்பா இறங்கினார். கூடவே எங்கள் தெருக்காரர்கள், கம்பெனி ஆட்கள் சிலர், ஊரில் நெல் வைக்கிற சிலர், கையுறையும் செல்ஃபியுமாகச் சென்னையிலிருந்து வரும் காலேஜ் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா விசில் ஊதுவார். ஷிஃப்ட் ஆரம்பித்துவிடும்.

அம்மா மட்டும் வரவேயில்லை.

"தெருவே வந்துகீது. நீயும் வாயேன்," என்று அப்பா கூப்பிட்டுப் பார்த்தார்.

"எனக்கு வேல கீது," என்றாள். அவளுக்கு அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் சோம்பல் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

கம்பெனியில் வேண்டாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டுவார்கள். ஏரிக்கும் அதே சட்டம். பிள்ளைகளான எங்களிடம் சிவப்பு ரிப்பன் கொடுத்து, தான் கைகாட்டுகிற செடியில் கட்டச் சொன்னார் அப்பா. பெரியவர்கள் பின்னாலேயே வந்து அதைப் பிடுங்கி ஒரு பக்கமாக அடுக்குவார்கள். முந்தின நாள் குடித்துவிட்டுக் கரையிலேயே தூங்கிப்போயிருந்த எங்கள் சித்தப்பாவின் கால் கட்டை விரலிலும் ஒரு ரிப்பன் கட்டினோம். எழுந்து உட்கார்ந்தவர் காலைப் பார்த்தார்.

"அடப்பாவிங்களா, என்னையும் வேண்டாத சாமான்ல சேத்துட்டீங்களா?"

அப்பா சிரிக்கவேயில்லை. "அத இன்னும் முடிவு பண்ணல," என்றார். அடுத்த வாரத்திலிருந்து சித்தப்பா எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார்.

ஆகாயத்தாமரை போனது. நல்லது. பிளாஸ்டிக்கும் கழிவும் போயின. ரொம்ப நல்லது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வியாதிக்காரருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியுமா? தண்ணீர் ஓரத்தில் கோரை ஒன்று உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் நின்றது அவர் கண்ணை உறுத்தியது. ரிப்பன் கட்டினோம். கரைச் சரிவில் புல் கண்டபடி முளைத்திருந்தது. அதையும் மண்வெட்டியால் வேரோடு செதுக்கினார்கள். ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே தண்ணீரில் இறங்குகிற கல் படித்துறை உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் அங்கே நின்றுதான் ஏரியைப் பார்ப்பார்கள் என்பதால், அதன் இரு பக்கச் சரிவையும் ஒரு புல் மிச்சமில்லாமல் சுரண்டி, மட்டம் தட்டி, ஓரத்தில் சுண்ணாம்புக் கோடும் போட்டார்கள். பிடுங்கிய கோரையைக் கரைமேல் போர் போட்டு, 'வேண்டாதவை' என்று பலகை வைத்தார் அப்பா. ஊர்க்காரர்களே வாயைப் பிளந்தார்கள். "ஏரி ஜம்முனு கீதுப்பா, கல்யாண மண்டபம் மாதிரி," என்றார் ஒருவர். அப்பா அன்று வீட்டுக்கு வந்து இரண்டு ஈடு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். ஒருவருக்கும் அதில் தப்பு தெரியவில்லை, அதுதான் வேடிக்கை.

ஐப்பசி பிறந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை விடியற்காலையிலும் விடவில்லை. சித்தப்பா தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணா, கர போவுதுண்ணா!"

போய்ப் பார்த்தால், அப்பா எங்கே அதிகமாகப் பளபளப்பாக்கினாரோ அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. படித்துறைக்குப் பக்கத்துச் சரிவு, தண்ணீரில் போட்ட வெல்லக்கட்டி மாதிரி கரைந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புக் கோடு பாதி கிடந்தது, பாதியைக் காணோம். பிடித்துக்கொள்ள ஒரு வேர் இல்லை அந்த மண்ணுக்கு. எங்கள் தாத்தா கூலிக்கு அதே கரைக்கு மண் சுமந்தவர். புல்தான் கரையைப் பிடித்து நிறுத்துகிறது என்பது எங்கள் தெருவில் பேசத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருந்ததுதான். கம்பெனி அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டது.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். கரைக்கு இந்தப் பக்கம் கீழே எங்கள் கூரைகள் தெரிந்தன. அப்பாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. எனக்குப் பயத்தில் அழுகை வந்துவிட்டது.

"இன்னாய்யா நின்னுக்கினு கீற? உன் லைன இங்க போடு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அம்மா! தலையில் காலி ரேஷன் அரிசிச் சாக்குகளை அடுக்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்திருந்தாள்.

அப்போதுதான் அந்த வியாதி உதவியது. அப்பா விசிலை எடுத்து ஊதினார். கோயிலிலிருந்து படி வரைக்கும் ஆட்களை வரிசையாக நிறுத்தினார். ஒருவர் சாக்கில் மண் நிரப்ப, ஒருவர் கட்ட, கைமாற்றிக் கைமாற்றிக் கீழே அனுப்ப வேண்டியது. யாருக்குப் பக்கத்தில் யார் என்று பார்க்க நேரமில்லை. ஊரும் தெருவும் கலந்து நின்றன. 'வேண்டாதவை' பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அங்கே இருந்த கோரையைக் கத்தை கத்தையாக இழுத்து மூட்டைக்கு நடுவில் திணித்தார்கள். சிவப்பு ரிப்பனோடு அது உள்ளே போனது.

அம்மா படித்துறையின் தலைமாட்டில் நின்றாள். படியில் இறங்கி மூட்டை கொடுக்க வேண்டிய இடம் அது. அவள் இறங்கவில்லை. கீழே முதல் படியில் நின்றது ஊர்ப் பெரிய வீட்டு அம்மா.

"அட எறங்கு தாயி! நின்னு யோசிக்கிற நேரமா இது?"

அம்மா மூட்டையை இடுப்பில் தாங்கியபடி சொன்னாள்: "இந்தப் படியில கால் வெச்சதுக்கு எங்கம்மா இன்னா பேச்சு வாங்குனா தெரியுமா உங்களுக்கு?"

வரிசை ஒரு நொடி நின்றுபோனது.

"தெரியும். பேசுனது எங்க மாமியாரு, நானும் பக்கத்துல வாய மூடிக்கினுதான் நின்னேன்," என்றாள் அந்த அம்மா. பிறகு தானே ஒரு படி மேலே ஏறி வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். "மூட்டைய குடு."

அம்மா கொடுத்தாள். வேலை முடியும்வரை அந்த இருவருடைய கைகள் வழியாகத்தான் மூட்டைகள் இறங்கின. அம்மா படியில் கால் வைக்கவில்லை. அந்த அம்மாவும் அதற்கப்புறம் கூப்பிடவில்லை, ஒவ்வொரு மூட்டைக்கும் மேலே ஏறி ஏறி வந்தாள். மத்தியானத்துக்குள் கரை நின்றுவிட்டது. அப்பா சேற்றிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். சித்தப்பா அவர் முதுகைத் தட்டி, "வுடுண்ணா, உனக்கு ரிப்பன் கட்டமாட்டோம்," என்றார்.

மழை ஓய்ந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் மறுபடி கூடினார்கள். இந்த முறை பிடுங்குவதற்கு இல்லை, நடுவதற்கு. வெட்டிவேரும் அருகம்புல்லும் கரைச் சரிவில், கோரை தண்ணீர் ஓரத்தில். அப்பா நேர்கோட்டில் நடச் சொல்ல வாயெடுத்து, அம்மாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஆமாம், அம்மா வந்திருந்தாள். கூப்பிடாமலே. விசிலுக்கும் முன்னால் வந்து, கோரைக் கிழங்குகளைச் சேற்றில் ஊன்றிக்கொண்டிருந்தாள். ஏரி ததும்பி நின்றது. எங்கிருந்தோ இரண்டு நாமக்கோழிகள் நீந்தி வந்து, நட்டும் நடாததுமாக இருந்த கோரைக்குள் புகுந்து பார்த்துவிட்டுப் போயின. "வாடகைக்கு ஊடு பாக்க வந்துகீதுங்க," என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள்.

வேலை முடிந்ததும் எங்கள் தெருப் பெண்கள் கைகால் கழுவ வழக்கம்போல, ஏரியின் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் பக்கம் நடந்தார்கள். அம்மா போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு படித்துறைக்கு வந்தாள். முதல் படியில் வலது காலை வைத்தாள். அப்படியே நின்றாள். பிறகு அடுத்த படி, அதற்கடுத்த படி. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. சேற்றைக் கழுவவில்லை, முகத்தைக் கழுவவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தாள். எனக்கோ அகோரப் பசி. கோயில் பக்கத்திலிருந்து லெமன் சாத வாசனை வேறு வந்துகொண்டிருந்தது.

"வாம்மா, சாப்பாடு தீந்துடும்."

"இருடி," என்றாள். "கொஞ்ச நேரம் நின்னுக்கிறேன்."

என் கையை அவள் விடவேயில்லை. படி பாசியாக இருக்கிறது, விழுந்துவிடுவோமோ என்று அம்மா பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "நா புடிச்சிக்கினுதான் கீறேன், வழுக்காதும்மா," என்று சொல்லி, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.