பன்னிரண்டு மணி வரைக்கும் மலாய்

ஆயர் தாவார் டவுனுக்குப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட். எழுபதுகளின் கடைசியில் அது பாதி ரப்பர், பாதி செம்பனையாக இருந்தது. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டிலிருந்த என்னை எஸ்டேட் ஆபீசில் கூப்பிட்டு, தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகையின் ஒரு மூலையில் பாலர் வகுப்பு நடத்தச் சொன்னார்கள். எனக்கு வயது பத்தொன்பது. ஐந்து, ஆறு வயதில் பதினான்கு பிள்ளைகள்.

எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் மலாய் மட்டும்தான் பேசுவது என்று முதல் நாளே முடிவு செய்தேன். தமிழ்ப்பள்ளியில் நான் மலாயைப் பாடமாகத்தான் படித்திருந்தேன். டவுன் பள்ளியில், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை மலாய்க்குப் பழக்கும் புதுமுக வகுப்பில் உட்கார்ந்தபோது அது வாயில் வரவில்லை. ஒரு வருடம் ஊமை மாதிரி இருந்தேன். கழிவறைக்குப் போகக் கேட்கப் பயந்து அடக்கிக்கொண்ட நாட்களும் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது.

முதல் வாரம் பிள்ளைகள் என்னைப் பார்த்து விழித்தார்கள். "டீச்சருக்குத் தமிழ் மறந்து போச்சாம்லா," என்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் என்னைச் சோதித்துப் பார்க்க நினைத்தான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்த நேரம், "டீச்சர், காலுக்குக் கீழ பாம்பு!" என்று கத்தினான். நான் நாற்காலி மேல் ஏறிவிட்டேன். ஏறிய பிறகும், "உலார்? மானா உலார்?" என்று, பாம்பு எங்கே என்பதை மலாயில்தான் கேட்டேன். வகுப்பே உருண்டு சிரித்தது. அன்று சாயங்காலம் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலெல்லாம் "மானா உலார்" என்ற சத்தம்தான்.

அதற்குப் பிறகு பாடம் தானாக நடந்தது. ரப்பர் கொட்டைகளைக் குவித்து மலாயில் எண்ணினோம். உதிர்ந்த இலைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து வைத்தோம். காலையில் ஒரு பிள்ளை வெளியே போய் வானத்தைப் பார்த்து, வெயிலா மழையா என்று வந்து சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பிடித்தது ஆஸ்பத்திரி விளையாட்டு. ஒருவர் நர்ஸ், ஒருவர் நோயாளி. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, சாப்பிட்டாயா என்று நர்ஸ் கேட்க வேண்டும், நோயாளி பதில் சொல்ல வேண்டும்.

இந்த விளையாட்டில் ஒரு பெண் மட்டும் சேரமாட்டாள். ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டும் ஒரு அக்காவின் மூத்த மகள். தமிழில் வாயாடி. மலாய் தொடங்கிவிட்டால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். நோயாளியாகப் படுக்கக்கூட மாட்டாள், ஓரமாக நின்று பார்ப்பாள். ஐந்து மாதம் இப்படியே போனது. அவள் அப்பா ஒருநாள் வந்து, "அது வீட்லகூட பேச்சக் கொறச்சிருச்சு டீச்சர். தமிழும் போயிடுமோன்னு பயமா இருக்கு," என்றார். எனக்கும் பயம்தான். அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம் தமிழில் கதை சொன்னேன். மலாயை மட்டும் நிறுத்தவில்லை.

மாதம் ஒருமுறை டவுனிலிருந்து அரசாங்க நர்ஸ் ஆயாக்கொட்டகைக்கு வருவார். மலாய்க்காரப் பெண்மணி. எஸ்டேட் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர்தான் தாய்மார்களுக்காக அவரிடம் மலாயில் பேசுவார். அந்த மாதம் டிரெசர் லீவில் போயிருந்தார். பால்மரம் வெட்டும் அந்த அக்கா கைக்குழந்தையோடு நர்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் ஏதோ கேட்டார். அக்கா குழந்தையின் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள், வயிற்றைக் காட்டினாள், பிறகு என்னைத் தேடித் திரும்பினாள்.

நான் எழுந்துவிட்டேன். அதற்குள் அம்மாவின் சேலையைப் பிடித்து நின்ற அந்தச் சின்னவள் சொன்னாள்: "அடெக் டெமாம். பாகி தாடி முந்தா."

தம்பிக்குக் காய்ச்சல், காலையில் வாந்தி எடுத்தான். ஒரு சொல்லும் பிசகவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

நர்ஸ் குனிந்து அவளிடமே கேட்க ஆரம்பித்தார். எத்தனை தடவை? மூன்று. பால் குடித்தானா? கொஞ்சம். ஒவ்வொரு பதிலையும் நர்ஸ் அட்டையில் எழுதினார். பிறகு நீளமாக ஏதோ விளக்கினார்.

"என்னடி சொல்றாங்க?" என்றாள் அக்கா.

"தண்ணிய காய்ச்சி ஆறவச்சு அடிக்கடி குடுக்கணுமாம்மா. பால நிறுத்தக் கூடாதாம். நாளைக்கும் காய்ச்சல் இருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமாம்."

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நர்ஸ் கேட்டார். அவள் என்னைக் கைகாட்டினாள். ஐந்து மாதமும் அவள் ஓரமாக நின்று ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை.

நர்ஸ் போன பிறகு அந்த அக்கா மருந்துப் புட்டியோடு என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "டீச்சர், நான் ஒண்ணு கேக்கவா? வேல முடிஞ்சு வந்து பின்னால உக்காந்துக்கட்டுமா? எம்மவளுக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியணும்லா," என்றாள்.

மறுவாரம் ரப்பர் பால் வாசனையோடு பதினொன்றரைக்கு வந்து, பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். அடுத்த மாதத்தில் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். பிறகு நான் பயிற்சி பெற்று ஈப்போவில் பெரிய பள்ளிகளில் எல்லாம் படித்துக்கொடுத்திருக்கிறேன். ஆனால் "நல்ல டீச்சர்" என்று யாராவது சொன்னால், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்து நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட மலாய் எழுத்துகள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.