கோடையில் பள்ளம், மழையில் மேடு

பழைய மாட்டுக் கொட்டகையில் மனைவி தையல் கடை வைக்க வேண்டும். மிதிக்க மிதிக்க மெஷின் மூலைப் பள்ளத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

சிமெண்ட் ஆலை இருக்கும் அரியலூரிலேயே, சிமெண்ட் வாங்க அரசு தரும் பர்மிட்டுக்கு நான்கு மாதம் அலைந்து, கோடையில் அந்த மூலையை நானே பூசி உயர்த்தினேன்.

இன்று மழை விட்டதும் கொத்தனார் வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார். இப்போது அந்த மூலைதான் மேடு.

"அடியில கரிசலுங்க. மழைக்கு உப்பும், வெயிலுக்கு அமுங்கும். மண்ணை எடுத்துட்டு கிராவல் போட்டீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப எத்தனை மூட்டை பூசினாலும் இதே கதைதான்."

மனைவி மெஷினில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். "இப்ப வாசலுக்கு ஓடுது. வெளிச்சமாவது கிடைக்கும்."

வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பர்மிட் கேட்காத வழியாக இருக்கட்டும்.