ஏரியை ஒளித்து வைத்த ஞாயிற்றுக்கிழமை

ஏரிக்கரை வீட்டை ஏரியே விற்றுக் கொடுத்துவிடும், தரகன் பக்கத்தில் சும்மா நின்றால் போதும் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. ஏரி வற்றிவிட்டால் அந்த வீட்டைப் பெருமாளே வந்து நின்றாலும் விற்க முடியாது. இதை டீக்கடையில் உட்கார்ந்து மற்ற தரகர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். அவர்களும் தலையாட்டினார்கள். டீ என் கணக்கில் என்பதால் ஆட்டினார்கள் என்று இப்போது புரிகிறது.

நம்பியதில் தப்பும் சொல்ல முடியாது. உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற பக்கம் எங்கள் ஏரி. ஐப்பசியில் மழை பிடித்தால் கார்த்திகையில் தளும்பிவிடும். நிரம்பின தண்ணீர், கரையில் தாழ்வாகக் கட்டிய கலங்கல் மேல் வழிய ஆரம்பித்தால் ‘ஏரி கோடி போவுது’ என்று ஊரே கிளம்பிப் போய்ப் பார்க்கும். மஞ்சள் குங்குமம் வைப்பார்கள், தேங்காய் உடைப்பார்கள், பூவைத் தண்ணீரில் விடுவார்கள். நானும் முதல் ஆளாகப் போவேன். கும்பிட இல்லை, போட்டோ எடுக்க. அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு சென்னையிலிருந்து கார்கள் வரும். கரையில் இறங்கினவர்கள் இரண்டு கையையும் விரித்து மூச்சை உள்ளே இழுப்பார்கள். இழுத்த மூச்சை வெளியே விடுவதற்குள் பேச்சை முடித்துவிட வேண்டும். என் தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

தை தாண்டினால் கார்கள் குறையும். மாசியில் தண்ணீர் பின்வாங்கும். பங்குனியில் நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சும். சித்திரையில் அந்தக் குட்டையில் எருமை படுத்திருக்கும். வைகாசியில் எருமையும் எழுந்து போய்விடும். அதன்பிறகு ஐப்பசி வரைக்கும் எனக்கு வேலை, வானத்தைப் பார்ப்பது.

அந்த வருடம் வானத்தைப் பார்க்க விடவில்லை மேஸ்திரி. ஏரியின் மேட்டுப் பக்கம், கரைக்கு நேர் எதிரில், தன்னுடைய சொந்த வேர்க்கடலைக் கொல்லையில் ஆறு வீடு வரிசையாகக் கட்டியவர் அவர். விற்கிற பொறுப்பை என்னிடம்தான் விட்டிருந்தார். மூன்று வீடு தண்ணீர் இருக்கும்போதே போய்விட்டது. மீதி மூன்று நின்றுவிட்டது. சித்திரை கடைசியில் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இன்னாப்பா, மூணு வூடு அப்டியே கீது?”

“ஏரி ரொம்பட்டும் மேஸ்திரி. கார்த்திகைல மூணும் மூணே நாள்ல போய்டும்.”

“கார்த்திகை வரைக்கும் நான் சாவிய ஆட்டிகினு குந்திகினு இருக்கணுமா? ஆடி வந்துட்டா எவனும் கிரயம் பண்ண மாட்டான். ஆனி கடைசிக்குள்ள மூணையும் தள்ளு. இல்லைனா மெட்ராஸ் கம்பெனிக்காரன்கிட்ட மொத்தமா குடுத்துடுவேன். அப்பால அந்தப் பக்கமே நீ வராத.”

இதைக் கேட்டுக்கொண்டே அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்த என் மனைவியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவளுடைய அண்ணனுக்கு ஊரில் உரக்கடை. அங்கே ஆள் தேவைப்படுவதை அவள் ஆறு மாதமாக நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள்.

“எங்கண்ணன் கடைல ஃபேன் கீது. மூட்ட தூக்க வேணாம், பில்லு எய்தினா போதும். வெயில்ல எவன் எவனையோ கூட்டிகினு சுத்தறதுக்கு அது எவ்ளோவோ மேல்.”

இருபது வருடமாக ஒவ்வொரு விசேஷத்திலும் நான் கிண்டல் பண்ணி வந்த மச்சான் அவன். அவனுக்குக் கீழே உட்கார்ந்து யூரியாவுக்கு பில் எழுதுவதா? அவன் அந்த இருபது வருடத்தையும் வட்டியோடு திருப்பித் தருவான். ஃபேன் காற்றே கிண்டலாகத்தான் வீசும். மூன்று வீட்டையும் விற்றாக வேண்டும்.

வைகாசி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை ஒரு போன் வந்தது. தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா. அரசாங்க ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். என்னுடைய கார்த்திகை போட்டோவைப் பார்த்திருக்கிறார்.

“ஞாயித்துக்கிழமை நானும் வீட்டுக்காரரும் வரோம் சார்.”

“இப்போ வெயில் ஜாஸ்தி மேடம். கார்த்திகைல வாங்களேன், சூப்பரா இருக்கும்.”

“இல்ல சார். இப்பதான் வரணும்.”

ஏன் இப்போதே வரவேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அறிவுள்ளவன் கேட்டிருப்பான். நான் “வாங்க மேடம், வாங்க” என்று போனை வைத்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. போட்டோவில் வானம் வரைக்கும் தண்ணீர். நேரில் வந்தால் வெடித்த களிமண்ணும், நாலு ஆடும், ஒரு கிரிக்கெட் ஆட்டமும்.

பயம் வந்தால் சிலருக்குக் கை கால் ஓடாது. எனக்கு அறிவு மட்டும் நின்றுவிடும், கை காலெல்லாம் ஓடும். முதல் வேலையாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிற ஒரு தம்பிக்கு போன் போட்டேன்.

“சொல்லுணா. எந்த வூட்டுக்கு?”

“வூட்டுக்கு இல்லப்பா. ஏரிக்கு.”

அந்தப் பக்கம் லாரி இன்ஜினை அணைக்கிற சத்தம் கேட்டது.

“இன்னாணா, காலைலயேவா?”

“மொத்த ஏரிக்கும் இல்லப்பா! மேஸ்திரி வூட்டு ஜன்னல்ல நின்னு பாத்தா தெரியற எடத்துக்கு மட்டும். ஒரு பத்து லோடு அடிச்சா போதும்.”

“நான் தண்ணி எடுக்கறதே அந்த ஏரிக்குக் கீய கீற கெணத்துலதான்ணா. அதுல எடுத்து இதுல ஊத்தினா, அது ஊறி திரும்ப அங்கயே வரும். நான் சுத்திகினே இருக்கணும். பேஜார் பண்ணாத. மோர் குடிச்சிட்டுப் படு.”

மோர் குடித்தேன். படுக்கவில்லை. ஏரியைக் கொண்டுவர முடியாவிட்டால் ஏரியை மறைத்துவிடலாம் என்று அடுத்த யோசனை உதித்தது. முந்தின கார்த்திகையில் விளம்பரத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று பரணில் கிடந்தது. தளும்புகிற ஏரி, அதன் மேல் நாலு கொக்கு, மூலையில் கூலிங் கிளாஸோடு என் படமும் போன் நம்பரும். சனிக்கிழமை சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு போய், கடைசி வீட்டுக் கூடத்தில், ஏரியைப் பார்த்த பெரிய ஜன்னலின் மேல் இழுத்துக் கட்டினேன். என் முகத்தை மடித்து உள்ளே செருகினேன். தூரத்தில் நின்று பார்த்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் இருக்கிற மாதிரியே இருந்தது. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறவர்கள் வந்தால் என்ன செய்வது என்று அப்போது தோன்றவில்லை.

கரை வழியாக வந்தால் ஏரி முழுசாகக் கண்ணில் பட்டுவிடும். அதனால் “கர மேல ரோடு வேல நடக்குது, ஊருக்குள்ள பூந்து வாங்க மேடம்” என்று ஒரு மெசேஜும் தட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டு, ஊர்ப் பக்கத்து ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். போன் அடித்தது.

“சார், வந்துட்டோம்.”

“எங்க மேடம் கீறீங்க? பள்ளிக்கூடத்தாண்டயா?”

“இல்ல சார். ஏரிக்குள்ள.”

கூடத்துக்குள் ஓடி, பேனர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஏரியின் நட்ட நடுவில், மாட்டு வண்டித் தடத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு அம்மா குனிந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கையில் ஒரு பெரிய டேப். ஆடுகள் அவர்களை வேடிக்கை பார்த்தன.

மேட்டிலிருந்து ஓடினேன். பாதி வழியில் ஒரு செருப்பு களிமண் வெடிப்பில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினேன். மூச்சு வாங்க அவர்கள் முன்னால் போய் நின்றபோது என் வாய் எனக்குச் சொல்லாமலே பேசிவிட்டது.

“ஏரிய சர்வீஸுக்கு வுட்டிருக்காங்க மேடம்.”

“ஏரியையா?” என்றார் வீட்டுக்காரர்.

“அதாவது... தூர் வாரப் போறாங்க. அதுக்காகத்தான் தண்ணிய... இல்லைனா இந்நேரம் நீங்க நிக்கற எடத்துல...”

“சார், வெயில் நம்ம எல்லாருக்கும்தான் அடிக்குது,” என்றார் அந்த அம்மா. ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸுகள் பேசுகிற அதே குரல். “வைகாசில ஏரி காயும்னு எனக்குத் தெரியாதா? இங்க எல்லைக் கல்லு எங்க இருக்கு, அதச் சொல்லுங்க.”

அவர் கையில் இருந்தது கிராமத்து நில அளவை வரைபடத்தின் நகல். அதில் ஏரியைச் சுற்றி எல்லைக் கல் இருக்கிற இடங்களுக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்.

“போன தடவை தாம்பரம் பக்கத்துல வீடு வாங்கினப்ப நல்ல மழை சீசன். ஏரி அப்படியே கடல் மாதிரி. நானும் கைய விரிச்சு மூச்செல்லாம் இழுத்தேன்.” நான் தலையைக் குனிந்துகொண்டேன். “அடுத்த மழைக்கு இடுப்பு வரைக்கும் தண்ணி. மாடில நின்னு படகுக்குக் கை காட்டினோம். அப்பதான் தெரிஞ்சுது, வீடு ஏரிக்குப் பக்கத்துல இல்ல, ஏரிக்குள்ளயே இருக்குதுன்னு. தண்ணி நிக்கும்போது பாத்தா ஏரி எங்க முடியுதுன்னு எவனுக்கும் தெரியாது சார். அதான் காஞ்சப்புறம் வந்திருக்கோம்.”

வீட்டுக்காரர் கையில் தொங்கிய டேப்பின் முனையை வாங்கிக்கொண்டேன். பிறகு மெதுவாகச் சொன்னேன்.

“கல்லு எனக்குத் தெரியும் மேடம்.”

தெரியும்தான். மேட்டடியில் கருவேலம் புதர் ஓரத்தில் இருந்த அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் நான் வழக்கமாக போன் பேசுவேன். உட்கார வசதியான கல் என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை. அங்கே கூட்டிப் போனேன். அவர் அதன் மேல் இருந்த குறியை முந்தானையால் துடைத்துப் பார்த்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, ஒரு டிக் போட்டார். அப்புறம் புதரைக் காட்டினார். முள்ளில் வைக்கோலும் பழைய பிளாஸ்டிக் பையும் சிக்கிக்கொண்டு கோடு போட்ட மாதிரி ஒரே மட்டத்தில் தொங்கின.

“பாத்தீங்களா? தண்ணி ஏறின உச்சம் இது. இதுக்கு மேல குப்பையே இல்ல.”

பதினைந்து வருடமாக நான் அந்தப் புதரைப் போட்டோவில் வராமல் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் மேஸ்திரி தன் மொபெட்டில் வந்து சேர்ந்தார். ஏரிக்குள் ஒற்றைச் செருப்போடு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

“இன்னாயா, வூட்ட விக்கச் சொன்னா ஏரிய அளந்து வித்துகினு கீறியா?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த அம்மாவை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார். “கலங்கலு என் வூட்டுத் தரைய விட ரொம்பக் கீய கீதும்மா. தண்ணி மேல ஏறணும்னாலும் அதுல வயிஞ்சி ஓடிடும். வாய்ல சொன்னா நம்பாதீங்க. இருங்க.” கட்டட வேலைக்கு மட்டம் பார்க்கிற நீளமான, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபைக் கொண்டுவந்து தண்ணீர் நிரப்பினார். அன்றைக்கு அந்த ஏரியில் இருந்த மொத்தத் தண்ணீரும் அந்த டியூபுக்குள் இருந்ததுதான். குப்பைக் கோட்டிலிருந்து ஆரம்பித்து, குச்சி நட்டு, மட்டம் எடுத்து, அடுத்த குச்சி நட்டு, நாங்கள் நாலு பேரும் மேட்டை நோக்கி ஏறினோம். கீழ் முனை என் கையில். கிரிக்கெட் ஆடினவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மேஸ்திரி ஒவ்வொரு குச்சிக்கும் எண்ணிக்கை சொல்லும்போது கூடவே கத்தினார்கள். கடைசி வீட்டுச் சுவரை எட்டியபோது கணக்கு முடிந்தது. தண்ணீர் ஏறின உச்சத்துக்கு மேலே, ஒரு ஆள் உயரத்தையும் தாண்டி வீட்டின் தரை இருந்தது.

அம்மா படியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். முதல் தடவையாகச் சிரித்தார். அப்புறம் உள்ளே போனார்.

பேனரை நான் மறந்தே போயிருந்தேன். காலையில் நான் ஓரத்தைத் தூக்கியதில் முடிச்சு தளர்ந்து, செருகி வைத்திருந்த மூலை அவிழ்ந்து, கொக்குகளுக்குக் கீழே கூலிங் கிளாஸோடு நான் இளித்துக்கொண்டிருந்தேன்.

“ஏரி இங்க இருக்கு பாரும்மா,” என்றார் வீட்டுக்காரர். “புரோக்கர் சாரும் உள்ளதான் குளிச்சுகிட்டு இருக்கார்.”

“கொசுவுக்குக் கட்னது சார்,” என்றேன்.

அந்த அம்மா பேனரை அவிழ்த்து, மடித்து, என் கையில் கொடுத்தார். ஜன்னல் கதவைத் திறந்து, காய்ந்த ஏரியையும் ஆடுகளையும் ரொம்ப நேரம் பார்த்தார். “இதப் பாக்கத்தான் சார் அவ்வளவு தூரம் வந்தேன்,” என்றார். பத்திர நகலெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னார். மேஸ்திரி என் முதுகில் அறைந்த அறையில் கையிலிருந்த பேனர் கீழே விழுந்தது.

அடுத்த வாரமே அவரோடு வேலை செய்கிற இன்னொரு நர்ஸ் குடும்பத்தோடு வந்தார். அவர்களும் தாம்பரத்தில் அதே தெருவில் தண்ணீரில் நின்றவர்கள். அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரி மருந்தாளுநர் ஒருவர். அவர்களுக்கெல்லாம் நான் ஊதுபத்தி ஏற்றவில்லை. டியூபைத் தோளில் போட்டுக்கொண்டு, தொப்பி வைத்துக்கொண்டு, நேராக ஏரிக்குள் இறக்கிக் கூட்டிப் போனேன். எல்லைக் கல்லின் மேல் கை வைத்து, ஏதோ நானே நட்டது போல விளக்கம் சொன்னேன். டீக்கடையில் மற்ற தரகர்கள், எருமைகூட இல்லாத ஏரிக்குள் நான் எதற்கு ஆள் மாற்றி ஆளாக நடத்திக்கொண்டு போகிறேன் என்று தெரியாமல் தவித்தார்கள். நான் சொல்லவில்லை. டீயும் வாங்கிக் கொடுக்கவில்லை.

மூன்றாவது வீட்டுக்கும் பேச்சு முடிந்த அன்று மனைவி கேட்டாள்.

“அப்போ எங்கண்ணன்கிட்ட நான் இன்னானு சொல்றது?”

“சீசன்ல அவருக்கு மூச்சு வுட நேரமில்லனு சொல்லு.”

“இது சீசனா?”

“இனிமே இதான் சீசன்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கேட்காமலே இரண்டாவது தடவையும் ஊற்றினாள்.

ஆனி முடிய நான்கு நாள் இருக்கும்போது, மூன்றாவது வீடும் உத்திரமேரூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் ஆனது. மூன்று கிரயம் நடந்த நாட்களிலும் ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.