குடையை மறந்த ஆறெழுத்துக்காரர்

அண்ணன் செத்த மூன்றாம் நாள் காலேஜ் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார், கண்ணைத் துடைத்தார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணனிடம் கொடுத்து வைத்த கேசட் ஒன்று இருக்கும், தேடிப் பார்க்க முடியுமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அதுதானா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார். அவரும் அவர் கூட்டாளிகளும் சேர்ந்த அந்தக் கூட்டத்தைப் பற்றி எனக்கு வேறு ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தாலும் இது ஒன்று போதும்.

ஆனால் எனக்கு நிறையத் தெரியும்.

அண்ணன் மைக் செட் வைத்திருந்தான். கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் நோம்பி என்று கணபதி ஏரியாவில் ஆரம்பித்து கோபி வரைக்கும் போய்க் குழாய் ஸ்பீக்கர் கட்டுவான். டவுனில் ஒரு சபாவுக்கும் அவன்தான் மைக். கச்சேரி கேட்டுக் கேட்டு அவனுக்கு அந்தப் பாட்டில் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆம்ப்ளிஃபயரிலிருந்தே ஒயர் இழுத்து டேப்பில் பிடிப்பான். ஜனங்கள் இருமுவது, குழந்தை அழுவது எதுவும் அதில் இருக்காது. அந்தக் கேசட்டுக்காகத்தான் அவர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். இதை அவனிடமே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டு போய்விடுவான்.

அவர்கள் மூன்று பேர். பேங்க் மேனேஜர், காலேஜ் வாத்தியார், ஒரு ஜவுளிக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேக்கரியில் உட்கார்ந்து புதிர் போடுவார்கள். பாட்டுக் கட்டின பெரியவர்கள் இருக்கிறார்களே, அந்தக் காலத்தில் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் தமிழிலும் பாடி வைத்துவிட்டுப் போனவர்கள், அவர்கள் பேரை உடைத்து ஒரு வரிக்குள் ஒளித்து வைப்பார்கள். மற்றவர்கள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காதவன் அடுத்த வாரம் எல்லோருக்கும் டீயும் தேங்காய் பன்னும் வாங்கித் தர வேண்டும். பெரும்பாலும் அண்ணன்தான் வாங்கினான். அவனுக்கு அதில் பெரிய மூளை கிடையாது. ஆசை மட்டும்தான்.

எனக்கும் சொல்லிக் கொடுக்கப் பார்த்தான். நான் எட்டாவதோடு நின்றவள், பம்ப் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற வேலைக்குப் போகிறவள். எனக்குப் பாட்டுக் கட்டினவர்கள் பேர் ஒன்றும் தெரியாது என்று காய்கறியில் ஆரம்பித்தான். வெட்டுகிற சாமானோடு பழுக்காத ஒன்று சேர்ந்தால் குழம்புக்கு ஆகும், அது என்ன என்றான். கத்தரி, காய். கத்தரிக்காய்.

"கத்தரிக்காய்னே சொன்னா ஆகாதாண்ணா? கடைக்காரங்கிட்டயும் இப்பிடித்தான் கேப்பியா?" என்றேன்.

"உனக்கு வெளங்காது அம்மணி," என்றான்.

எனக்கு விளங்காமல் இல்லை. நேராகச் சொல்வதைச் சுற்றி வளைத்துச் சொல்வதற்கு ஒரு கூட்டம், அதற்கு ஒரு டீ. சம்பளம் வாங்கிக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மண்டைக்கு வேலை இல்லை, அதனால் விளையாடுகிறான். குழாயைத் தோளில் தூக்கி மரமேறுகிறவனுக்கு இது எதற்கு?

அவனுக்கு மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம், கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. மேனேஜர் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார், அதை மறைக்க மாட்டேன். அவன் படுத்திருப்பதைப் பார்த்து என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் புதிர் போட்டார். "மலையேறப் போனவர் குடையை மறந்து பாதியில் திரும்பினார். ஆறு எழுத்து." நானே யோசித்தது, இதுவரைக்கும் போட்டதிலேயே கஷ்டமானது, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. ஊசி போடும்போதும் அதுதான், அம்மா கஞ்சி ஊட்டும்போதும் அதுதான். விரலை மடக்கி மடக்கி எழுத்து எண்ணுவான். அவனுக்கு வலி தெரியாமல் இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. போய் இன்னொரு குறிப்பு மட்டும் வாங்கிவா என்று என்னை அனுப்பினான்.

நான் பேக்கரிக்குள் போனபோது மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அண்ணன் எப்படி இருக்கிறான் என்று ஜவுளிக்கடைக்காரர் கேட்டார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். மேனேஜர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "குடைய உட்டுப்போட்டு செருப்பப் பாக்கச் சொல்லுங்க அம்மணி," என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அப்படியே சொன்னேன். அண்ணன் அந்த வரியை மறுபடி விரலில் எண்ணிப் பார்த்தான். "அதுல செருப்பே இல்லியே," என்றான்.

அதற்கப்புறம் அவனுக்கு உடம்பு மோசமானது. பேச்சு குழறியது. கடைசி நாள் காலையில் மட்டும் தெளிவாக இருந்தான். என் கையைப் பிடித்து ஒரு பேர் சொன்னான். அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன், அது எங்களோடு இருக்கட்டும். சந்தோஷமாகச் சொன்னான். "சரியான்னு கேட்டுப்போட்டு வா. இந்தத் தடவ டீ நான் வாங்கறதில்ல." பக்கத்தில் நின்றிருந்த அம்மாவுக்கும் அது கேட்டது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் அம்மா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். பையன் சொன்னது சரியா? சோறு போட்டால் கேட்பாள். நான் வேலைக்குக் கிளம்பினால் கேட்பாள். அவளுக்கு அந்தப் பாட்டும் தெரியாது, புதிரும் தெரியாது. பெற்ற பிள்ளை கடைசியாக ஒன்று சொன்னான், அது சரியா தப்பா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். எனக்கும் தெரிய வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் பேக்கரிக்குப் போய் அவர்கள் முன்னால் நிற்க என்னால் முடியவில்லை.

கருமாதி முடிந்த பிறகு மேனேஜரே வந்தார். அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். சபாவில் ஆண்டு மலர் போடுகிறார்கள், அதில் அண்ணன் நினைவாக ஒரு புதிர் வரும், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். எந்தப் புதிர் என்று கேட்டேன். மலையேறப் போனவர்தான், ஆனால் இப்போது சரி பண்ணிவிட்டோம் என்றார்.

சரி பண்ணிவிட்டோம் என்றால் என்ன என்று கேட்டேன்.

அவர் டீயை ஊதினார். முதலில் போட்டதில் கணக்குத் தப்பிவிட்டது, மனதில் வைத்திருந்த பேரில் பாதிதான் அந்த வரிக்குள் வந்தது, அதற்கு விடையே கிடையாது, பேக்கரியில் வாத்தியார்தான் கண்டுபிடித்தார், நல்ல சிரிப்பாகிப் போனது, அங்கேயே வாபஸ் வாங்கிவிட்டோம் என்றார்.

"எப்பங்க?"

"அந்த ஞாயித்துக்கெழமையேதானுங்க."

"நான் வந்தப்பவா?"

"நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால."

"அப்பறம் எதுக்குங்க செருப்பப் பாக்கச் சொன்னீங்க?"

"வெறுங்கையோட உங்கள அனுப்ப மனசு வரலீங்க அம்மணி. படுத்திருக்கறவருக்கு ஒரு பொழுதுபோக்கா இருக்கட்டுமேன்னு."

பொழுதுபோக்கு. என் அண்ணன் இல்லாத செருப்பை மூன்று நாள் தேடினான்.

அவன் சொன்ன பேரை அவரிடம் சொன்னேன். அப்போதும் நான் ஒன்றுதான் எதிர்பார்த்தேன். ஆமாம், அதுதான் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். சாகப்போகிறவனிடம் இல்லாத குறிப்பைச் சொல்லி அனுப்பினவருக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. அவர் விரலை மடக்கி எண்ணினார். தலையை ஆட்டினார். "இல்லீங்களே. இதுல அஞ்செழுத்துதான் வருது," என்றார். இந்த மாதிரி ஆளுக்கு எதில் உண்மை பேச வேண்டும், எதில் பொய் பேச வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. படித்து, பேங்க்கில் உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் கடன் கொடுத்து என்ன பிரயோஜனம்?

நான் சொன்னேன், மலரில் போடுவதானால் அந்தத் தப்பான புதிரையே போடுங்கள், அதைப் போட்டது நீங்கள் என்று பேர் போடுங்கள், கீழே விடை கிடையாது என்றும் போடுங்கள். அண்ணன் பேர் வேண்டாம்.

"அதெப்புடீங்க அம்மணி," என்றார். "தப்பானதப் போட்டா நாலு பேரு சிரிப்பாங்க."

அவர் போன பிறகு அம்மா உள்ளே வந்தாள். சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன கண்ணு சொன்னாரு? பையன் சொன்னது சரிதானாமா?"

சுற்றி வளைக்க எனக்கு வராது. "அதுக்கு வெடையே இல்லியாமா. போட்ட ஆளுக்கே தெரியலியாமா."

அம்மா அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளினாள்.

"போட்டவனுக்கே தெரியலீன்னா, நம்ம பையன் சொன்னதுதான் வெட," என்றாள். அவர் பாதி குடித்து வைத்திருந்த டீயை எடுத்துக்கொண்டு போய் வாசலில் கொட்டினாள்.