குவைத்துக்குப் போன மண்டூர்க் கலியாணம்

கலியாண வீடியோ எடிட்டிங் என்பது, மாப்பிள்ளை ஒருதரம் கட்டுகிற தாலியை நாங்கள் நூறுதரம் கட்டிப் பார்க்கிற தொழில்.

எனக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துப் படித்தேன், ஏச்சு வாங்கிப் படித்தேன், ஏசியும் படித்தேன். யூடியூபில் வேலையைச் சுருக்கும் வழி சொல்லித் தருகிறார்கள்தான். ஆனால் அவர்களுடைய கலியாணத்தில் தேங்காய் உடைக்கிற மாமாவும் இல்லை, கமராவுக்கு முன்னால் வந்து நிற்கிற சின்னம்மாவும் இல்லை. என்னைப்போல கம்பியூட்டருக்கு முன்னால் இந்தச் சில்லுக் கதிரையில் இருந்து முதுகு வளைந்தவர்களுக்காக, ஒரே ஒரு கலியாணத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லுகிறேன். வேண்டிய பாடமெல்லாம் அதற்குள்ளேயே கிடக்கிறது.

விலைக்கு முதல் ஒரு கேள்வி

மட்டக்களப்பு டவுனில் இருக்கிற என் கடைக்கு மண்டூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கலியாணப் பொம்பிளை கிருசாந்தி, அவளுடைய சின்னம்மா புவனம். நான் ஒரு விலை சொன்னேன். புவனம் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் ஆகாது. நான் குரலை உயர்த்த, அவர் அதற்கு மேலே உயர்த்த, ரோட்டில் போன ஓட்டோக்காரர் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். ட்ரோன் பறக்கவேண்டும், புகை வரவேண்டும், பொம்பிளை நடந்து வருவதை மெதுவாகக் காட்டவேண்டும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார்.

விலை பேசுமுன் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். நீங்களும் மறவாமல் கேளுங்கள்: இந்தப் படத்தை யார், எதில் பார்க்கப் போகிறார்கள்? அதுவரை வாய் திறக்காத கிருசாந்தி சொன்னாள். "அம்மா குவைத்தில அண்ணா. வீட்டு வேலை. லீவு குடுக்கல்ல. வீடு கட்டினதும் அவதான், இந்தக் கலியாணமும் அவட உழைப்புத்தான். ட்ரோன் எனக்கு வேணாம். அம்மா போன்ல பாத்தா, தானும் கலியாண வீட்டில நிண்ட மாதிரி இரிக்கணும். அவ்வளவுதான்." எனக்குப் பேரம் பேசுகிற நாக்கு மடங்கிப் போய்விட்டது. புவனத்துக்கு மடங்கவில்லை.

"அப்ப ட்ரோன் இல்லத்தானே தம்பி, அதுக்குக் கழிச்சுச் சொல்லுங்க!"

கமராவுக்கு முன்னால் ஒரு கை

குருமண்வெளித் துறையில் சாமான்களோடு பாதை ஏறினோம். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கிற மிதவை. மோட்டார் சைக்கிள், ஆடு, ஆள் எல்லாம் ஒன்றாகத்தான் போகும். என்னோடு வந்தவன் ஜெமீல், காத்தான்குடிக்காரன். கமரா அவன் கையில் இருந்தால் ஆடாது. வாய்தான் ஆடிக்கொண்டே இருக்கும்.

கலியாண வீட்டில் எல்லாம் நல்லபடியாகத்தான் தொடங்கியது. மணவறையில் பொம்பிளை வந்து இருந்ததும், புவனம் ஒரு போனைத் தூக்கிக்கொண்டு நேரே என் கமராவுக்கு முன்னால் வந்து நின்றார். வலப்பக்கம் போனேன், அவரும் வலப்பக்கம். இடப்பக்கம் போனேன், அங்கேயும் அந்தக் கை. தாலி கட்டுகிற நேரம் நெருங்க, மாப்பிள்ளையின் தோளுக்குப் பக்கத்திலேயே போனை நீட்டிவிட்டார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்திப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன், "அக்கா, அந்தப் போனக் கீழ இறக்குங்க!" என்று. அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"இது போன் இல்ல தம்பி, என்ட அக்கா!"

இரண்டுதரம் அடிபட்ட தேங்காய்

எங்கள் இருவர் கையிலும் இருந்த இரண்டும் ஸ்டாண்டில் நிறுத்திய ஒன்றுமாக மூன்று கமராவில் எடுத்த படத்தையும், மாப்பிள்ளையின் சட்டைப் பைக்குள் வைத்த ஒலி ரெக்கோடரையும் ஒன்றோடொன்று பொருத்துவதுதான் மேசையில் முதல் வேலை. தொடக்கத்தில் கையைத் தட்டி, அந்தத் தட்டலை எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வைத்துப் பொருத்து என்று சொல்லுவார்கள். கலியாண வீட்டில் தனியாக நின்று கைதட்டினால் நம்மைப் பைத்தியம் என்பார்கள். ஆகவே ஜெமீலும் நானும் கண்ட வழி, தேங்காய். உடைக்குமுன் எல்லாக் கமராவையும் ஓடவிட்டு, சடங்கு முடியும்வரை நிறுத்தாமல் இருந்தால், தேங்காய் வெடிக்கிற சத்தம் எல்லாவற்றிலும் கூர்மையாக விழுந்திருக்கும். இதைவிட நல்ல கைதட்டல் கிடையாது.

ஆனால் மண்டூரில் பொருத்திப் பார்த்தால், ஐயரின் வாய் ஒரு பக்கம் போகிறது, மந்திரம் வேறு பக்கம் போகிறது. சொஃப்ட்வெயாரை ஏசினேன், மின்சார சபையை ஏசினேன், ரெக்கோடரை விற்றவனையும் ஏசினேன். பிறகு காதைக் கொடுத்துக் கேட்டால் தேங்காய்ச் சத்தம் இரண்டு. மாமா அடித்த முதல் அடிக்குத் தேங்காய் மசியவில்லை. நான் கமராக்களை முதல் அடிக்கும், ரெக்கோடரை இரண்டாம் அடிக்கும் பொருத்தி வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து சட்டம் இதுதான்: எத்தனை அடி விழுந்தாலும், உடைந்த அடியை எடு. நான் பட்ட இந்தப் பாட்டை ஜெமீலிடம் சொல்ல, அவன் கதிரையில் சாய்ந்து சிரித்தான்.

"கம்பியூட்டரப் பழுது பாக்காத மச்சான், அந்த மாமாட கையப் பழுது பாக்கணும்!"

கழிவு என்றொரு பெட்டி

என் கம்பியூட்டர் பழசு. பெரிய படத்தை அப்படியே போட்டால் மூச்சு வாங்கும். ஆகவே முதலில் எல்லாப் படத்துக்கும் சின்னச் சின்ன நகல் எடுத்து, நகலில் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் அசலை மாற்றிக்கொள்ளுவேன். புதிசு வாங்க வக்கில்லாதவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. அடிக்கடி செய்கிற வேலைகளை எல்லாம் இடது கை விரல்களுக்குப் பழக்கிவிடுங்கள். மவுஸைப் பிடித்துக்கொண்டு அலைகிறவனுக்குத் தோள் மூட்டுத்தான் மிச்சம்.

வெட்டி எடுப்பதை நான் அழிப்பதில்லை. 'கழிவு' என்று கம்பியூட்டருக்குள் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன், எல்லாம் அதற்குள் போகும். புவனத்தின் கை மறைத்த துண்டு அத்தனையும் அதற்குள்தான் போயிற்று. எந்த எடிட்டரும் அதைத்தான் செய்வான். தாய்க்குத் தானும் கலியாண வீட்டில் நின்ற மாதிரி இருக்கவேண்டும் என்று பொம்பிளை கேட்டது ஞாபகத்தில் இருந்தது. அதற்காக அவருடைய பாஸ்போட் படம் ஒன்றை வாங்கி, பின்னால் மேகம், முன்னால் விளக்கு, மேலிருந்து பூ விழுகிற மாதிரி ஒன்று செய்து முகப்பில் வைத்தேன். அந்தப் பூவை விழுத்துவதற்கே கம்பியூட்டர் பாதிப் பகலைத் தின்றது. ஜெமீல் திரையைப் பார்த்தான், மணிக்கூட்டைப் பார்த்தான், தொப்பியை எடுத்துப் போட்டான்.

"உன்ட பூ நிலத்தில விழுகிறதுக்குள்ள நான் அஸர் தொழுதுபோட்டு வந்திடுவன் மச்சான்."

ஒரு வாய் போதும்

திருத்தம் சொல்லுவதற்கு ஒரே ஒரு ஆளை வையுங்கள். இதைக் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் பார்வைக்கு அனுப்பிய நகலைப் புவனம் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். பிறகென்ன, பெரியப்பாவுக்குத் தன்னுடைய வண்டி வயிறு தெரியக்கூடாது, மச்சாளுக்கு அவள் சிரித்த இடம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும், தேங்காய் உடைத்த மாமாவுக்கு முதல் அடி தெரியவே கூடாது. "அந்த நீலச் சாறிக்காரி வாற இடத்துக்குக் கொஞ்சம் முன்னுக்கு" என்று ஒருவர் எழுதுகிறார். பாதிக் கலியாண வீடு நீலச் சாறிதான்!

இதற்கும் ஒரு வழி இருக்கிறது. பார்வை நகலின் மூலையில் ஓடுகிற நேரத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டால், ஆட்கள் சாறியை விட்டுவிட்டு நேரத்தைச் சொல்லுவார்கள். போட்டு அனுப்பினேன். முதல் மறுமொழி மாமாவிடமிருந்து வந்தது.

"என்ன தம்பி மூலையில ஓடுது? கலியாணத்துக்கும் ஓட்டோவுக்குப் போல மீட்டர் போட்டிருக்கீங்களா?"

சமையலறையில் ஒரு மூலை

குவைத்துக்கு அனுப்புவதுதான் பெரிய வேலை. தாயின் பெயர் தவமணி. அவரிடம் இருப்பது பழைய போன். வேலை செய்கிற வீட்டில் வைஃபை பிடிக்கிறது சமையலறை மூலையில் மட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் அவருக்கென்று கொஞ்ச நேரம். இப்படியானவருக்கு முழுப் படத்தையும் ஒரே பொதியாக அனுப்பினால் அது பாதியில் நின்று சுற்றிக்கொண்டிருக்கும், அவருடைய நேரமும் முடிந்துவிடும். சடங்கு சடங்காகத் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் சுருக்கி அனுப்புங்கள். சத்தத்தை நல்ல ஸ்பீக்கரில் சரி பார்ப்பதோடு நிற்காமல், ஒரு மலிவு போனிலும் போட்டுக் கேளுங்கள்.

நான் எல்லாம் சரியாகத்தான் செய்தேன். வெள்ளிக்கிழமை வட்ஸ்அப்பில் அவருடைய குரல் பதிவு வந்தது. மெதுவான குரல். ஆட்கள் கேட்டுவிடுவார்களோ என்று பேசுகிற மாதிரி. வடிவாக இருக்கிறது என்றார், மகளுக்குக் கூறைச் சாறி எடுப்பாக இருக்கிறது என்றார். பிறகு பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"முன்னுக்கு இரிக்கிற என்ட படத்த மட்டும் எடுத்துப்போடுங்க தம்பி. பூவும் விளக்கும் செத்தாக்களுக்குத்தானே வெக்கிற, நான் இன்னும் உசிரோடதான் இரிக்கன்."

சத்தம் என்று எறிந்தது

எனக்கு வந்த கோபத்துக்கு அன்று யார் எதிரே நின்றிருந்தாலும் வாங்கியிருப்பார்கள். நின்றது ஜெமீல். அவன் அந்தக் குரலை இன்னொருதரம் போட்டான். கடைசியில் இன்னும் ஒரு துண்டு இருந்தது, நான் அவசரத்தில் கேளாமல் விட்டது: "தாலி கட்டக்குள்ள நானும் குரவை போட்டனே தம்பி. அது ஒண்டும் வரல்லையே."

எங்கள் பக்கத்தில் குரவை இல்லாமல் நல்ல காரியம் இல்லை. தாலி ஏறுகிற நேரம் பொம்பிளைகள் நாக்கைச் சுழற்றி எழுப்புகிற அந்த ஒலி கேட்டால்தான் கலியாணம் நடந்தது என்று அர்த்தம். என் படத்தில் ஒருவருடைய குரவையும் இல்லை! இரைச்சல் நீக்குகிற பொத்தான் ஒன்று இருக்கிறதல்லவா, ஃபேன் சத்தம் போகட்டும் என்று எல்லாவற்றிலும் அதை அமத்தியிருந்தேன். அந்தப் பொத்தானைச் செய்தவனுக்குக் குரவை தெரியுமா? கூவுகிற இரைச்சல் என்று சுத்தமாகத் துடைத்துவிட்டது. மேலே நான் போட்ட நாதஸ்வரத்தில் வட்ஸ்அப் கூட்டம் அதைக் கவனிக்கவே இல்லை.

மெமரி காட்டுகளை ஜெமீல் எப்போதோ வெறுமையாக்கி, ஏறாவூரில் இன்னொரு கலியாணம் எடுத்துவிட்டான். மிஞ்சியது என் கம்பியூட்டரில் இருந்த கழிவுப் பெட்டி மட்டும். டிஸ்க்கில் இடம் இல்லை என்று அந்தக் கிழமைதான் அதையும் அழிக்கச் சொல்லி அவன் ஆக்கினைப்படுத்திக்கொண்டிருந்தான். திறந்தேன். புவனத்தின் கை. அந்தக் கையில் போன். என்னைக் கத்த வைத்த அந்தப் போனை இப்போதுதான் பெருப்பித்துப் பார்க்கிறேன். உள்ளே தவமணி. வேலை உடுப்பில் இல்லை. சிவப்புச் சாறி, பொட்டு, தலையில் பூ. பின்னால் வெள்ளை மாபிள் பதித்த சமையலறைச் சுவர். சடங்கு நடந்த நேரம் முழுக்க அவர் கலியாண வீட்டில் நிற்பதுபோலவே நின்றுகொண்டிருக்கிறார். தாலி ஏறியதும், வாழ்த்தித் தூவக் கையில் வைத்திருந்த அறுகரிசியைத் திரையைப் பார்த்து எறிகிறார். அது அந்தச் சமையலறை நிலத்தில்தான் விழுந்திருக்கும். உடனே நாக்கைச் சுழற்றுகிறார்.

ஜெமீல் கண்ணைக் கசக்கிவிட்டு, ஃபேன் காற்று என்றான். நான் விளக்கையும் பூவையும் தூக்கி எறிந்தேன். போன் மறைத்த துண்டுகளைத் திரும்பவும் வைத்தேன், கை தெரிந்தால் தெரியட்டும். இரைச்சல் நீக்கியதை எல்லாம் கழற்றினேன். மாப்பிள்ளையின் சட்டைப் பைக்குள் இருந்த ரெக்கோடருக்குப் பக்கத்தில்தான் அந்தப் போன் நீட்டப்பட்டிருந்தது. ஆகவே இங்கிருந்த பொம்பிளைகளுடைய குரவைக்குள்ளே, குவைத்தில் எழும்பிய குரவை கொஞ்சம் கீச்சென்று, ஆனால் தனியாகக் கேட்டது. அதை நான் ஒரு புள்ளியும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கிருசாந்தி கடைக்கு வந்து ஒருதரம் பார்த்தாள். திருத்தம் ஒன்றும் சொல்லவில்லை, எழும்பவும் இல்லை. இன்னொருதரம் போடச் சொன்னாள். வெள்ளிக்கிழமை அது குவைத்துக்குப் போயிற்று. இந்தமுறை மறுமொழி வரச் சுணங்கியது. வந்த குரல் மெதுவாகவும் இல்லை.

"தம்பி, இத்தினை பொம்பிளையளுக்குள்ள என்ட குரவைதான் எடுப்பாக் கேக்குது, என்ன? தங்கச்சிட்டச் சொல்லிப்போடாதங்க, சண்டைக்கு வருவாள்!"

ஆகவே, என் சக பாவிகளே, வெட்டினதை எறியாமல் வைத்திருங்கள், அதற்கு டிஸ்க் வாங்கப் போகும்போது கடைக்காரனோடு என்னைப்போல நன்றாகச் சண்டை பிடியுங்கள்.