தண்ணீருக்கு லயம் நம்பர் கிடையாது

பெல்மதுளைக்கு மேலே நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் என் கணவர் கணக்கப்பிள்ளையை எதிர்த்துப் பேசினார். அதற்காக வேலைப் பதிவிலிருந்து அவர் பேரை வெட்டினார்கள். பேரை வெட்டினால், தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்துக் காம்பராவும் கையை விட்டுப் போய்விடும் என்பது தோட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சட்டி பானையோடு வாசலில் இறக்கிவிட்டார்கள். நான் அழவில்லை. திரும்பப் போய் அடுப்புக் கல் மூன்றையும் பிடுங்கிக்கொண்டு வந்தேன். என் கையால் வைத்த கல்லை அவர்களுக்கு எதற்கு விட வேண்டும்?

அப்போது நாட்டில் சண்டையை நிறுத்திச் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பெரிய துரையாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், சிங்களவர், பலாங்கொடைப் பக்கத்து அணைக்கட்டுக் குளம் ஒன்றில் ஒரு பாய்மரப் படகு வாங்கி நிறுத்தியிருந்தார். குளக்கரையில் புதிதாகப் பூங்கா போட்டிருந்தார்கள். அதற்கு எதிரே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், படகு நங்கூரம் போட்டு நின்றது. ஆள் இல்லாத நேரத்தில் கயிறு முதல் கரண்டி வரை களவு போகிறது என்று துரை காவலுக்கு ஆள் தேடினார். படகிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனோம்.

உள்ளே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்ப முடியாது. லயத்துக் காம்பரா மட்டும் என்ன பங்களாவா? முதல் வாரம் நான் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகக் குளத்துக்கே போனது. பிறகு ஆட்டம் உடம்புக்குப் பழகி, பஸ்ஸில் ஊருக்குப் போனால் தரை ஆடாமல் நிற்பதுதான் தலையைச் சுற்றியது. காலையில் எழுந்ததும் அடித்தட்டில் ஊறிய தண்ணீரை இறைப்பது அவர் வேலை. மண்ணெண்ணெய் அடுப்பு சரியாமல் பிடித்துக்கொண்டு ரொட்டி சுடுவது என் வேலை. குடிதண்ணீருக்கும் கக்கூசுக்கும் சின்ன வள்ளத்தில் பூங்காவுக்குப் போவோம். சாயங்காலம் பூங்காவைப் பூட்டுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும். மழை பிடித்தால் இரண்டு நாள் வெளியே தலை காட்ட முடியாது, சம்பலும் ரொட்டியும்தான்.

குளிப்பது படகின் பின்பக்கப் படியில். பாவாடையை மார்போடு தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்குவேன். பௌர்ணமிப் போயா விடுமுறையில் பூங்காவுக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைத் தூக்கி என்னைக் காட்டுவார்கள். லயத்துப் பொதுத் தண்ணீர்ப் பீலியில் ஐம்பது பேருக்கு முன்னால் குளித்து வளர்ந்தவள் நான். அவர்கள் பார்க்கப் பார்க்க இன்னும் ஆற அமரத் தேய்த்துக் குளிப்பேன். கயிற்றில் துணி காயப்போடுவது பூங்காவின் அழகைக் கெடுக்கிறது என்று பூங்கா மேலாளர் சொல்லி அனுப்பினார். மறுநாள் என்னிடம் இருந்த சிவப்புச் சேலையைத் துவைத்து முழு நீளத்துக்கும் விரித்துப் போட்டேன். அழகு போதவில்லை என்றுதானே சொன்னார்.

துரை மாதத்தில் ஒரு நாள் நண்பர்களோடு வருவார். அவருக்குத் தெரிந்த தமிழ், தோட்டத்தில் ஆளை விரட்டக் கற்ற தமிழ். போகும்போது ஒருமுறை, "பாய் எல்லாம் வெயில்ல காய வையி, மடிச்சி உள்ள வையி" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். நான் ஒரு நாள் தவறாமல் எங்கள் படுக்கைப் பாய் இரண்டையும் காயவைத்து மடித்து உள்ளே வைத்தேன். இவருக்கு நம் படுக்கை மேல் இவ்வளவு அக்கறை ஏன் என்று கணவர் சந்தேகப்பட்டார். அடுத்த மாதம் துரை உறையைப் பிரித்துப் படகின் பாயை விரித்தால், அது முழுக்கப் பூஞ்சணம். கத்து கத்து என்று கத்தினார். மலையில் பிறந்தவளுக்குப் பாய் என்றால் படுக்கிற பாய், அந்தத் துணிக்கும் அதே பேர்தான் என்று யார் எனக்குச் சொன்னார்கள் என்று கேட்டேன். நண்பர்கள் சிரித்துவிட்டதால் துரையும் சிரிக்க வேண்டியதாயிற்று.

இப்படி நான்கைந்து வருஷம் போனது. பிறகு சண்டை மறுபடியும் தொடங்கியது. பூங்காவுக்கு வந்துபோன கூட்டம் நின்றது. அணைக்கட்டைக் காக்க இராணுவம் வந்து பூங்காவின் கேட்டில் மணல் மூட்டை அடுக்கியது. அணைக்கட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர் மேல், தமிழர் இரண்டு பேர் குடியிருப்பதை அவர்கள் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும்? வந்த அன்றே கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அதிகாரி எங்கள் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவற்றில் பழைய தோட்டத்தின் விலாசம்தான் இருந்தது. எந்தத் தோட்டம், எத்தனாம் நம்பர் லயம் என்று கேட்டார். தோட்டமும் இல்லை, லயமும் இல்லை என்றேன். தோட்டத்து ஆட்கள் தோட்டத்தில்தான் இருக்க வேண்டும், உடனே இறங்கிப் போங்கள் என்றார். எனக்குப் பயம்தான். கொண்டுபோய் உள்ளே வைத்தால் கேட்க நாதி இல்லை. ஆனால் இறங்கு என்ற சொல்லை இரண்டாம் முறை கேட்டதும் பயத்துக்கு மேலே ஆத்திரம் ஏறிவிட்டது.

"மே போட்டுவ தமய் அபே கெதர" என்றேன். இந்தப் படகுதான் எங்கள் வீடு. இதைவிட்டால் போக இடமில்லை, இறங்கவும் மாட்டேன் என்று அவர் பாஷையிலேயே சொல்லி முடித்தேன்.

கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "வாய அடக்கு புள்ள, சுட்டுப் போட்டாலும் கேக்க ஆளில்ல."

அதிகாரி துரைக்குத் தொலைபேசி எடுத்தார். துரை யார் யாரையோ பிடித்துப் பேசியிருக்கிறார். கடைசியில், இருக்கலாம், ஆனால் தினமும் விடிந்ததும் இரண்டு பேரும் கேட்டுக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும், ஆளை எண்ணிப் பார்த்த பிறகுதான் திரும்பலாம் என்றார்கள். கணவர் கும்பிட்டுவிட்டார்.

தோட்டத்தில் இதற்குப் பேர் பெரட்டு. விடியும் முன்னே களத்தில் போய் நிற்க வேண்டும், பேர் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும், பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வயிற்று வலியோடும் நின்றிருக்கிறேன், காய்ச்சலோடும் நின்றிருக்கிறேன். தண்ணீருக்கு நடுவில் வந்தும் எனக்குப் பெரட்டா?

மறுநாள் அவரை அனுப்பாமல் நானே தனியாக வள்ளத்தில் போனேன். இன்னொரு ஆள் எங்கே என்று அதிகாரி கேட்டார். இரண்டு பேரும் வந்தால் படகை யார் பார்ப்பது, துரைக்கு நீங்கள் பதில் சொல்வீர்களா என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"எங்கள எண்ணணும்னா நீங்க வாங்க. நாங்க பெரட்டுக்கு வர மாட்டோம்." இதைத் தமிழில்தான் சொன்னேன். சிங்களத்தில் அதற்கு எனக்குச் சொல் தெரியவில்லை. பிறகு விளக்கிச் சொன்னேன். அவர் போ என்று கையைக் காட்டினார். அன்று இரவு நாங்கள் இருவரும் தூங்கவில்லை. பிடித்துக்கொண்டு போக வருவார்கள் என்று கணவர் விடிய விடியக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் தண்ணீரில் சத்தம் கேட்டது. சாளரத்தின் வழியாகப் பார்த்தேன். பூங்காவில் காதல் ஜோடிகள் மிதித்து ஓட்டுவதற்கென்று அன்னம் போல் செய்த வெள்ளைப் படகுகள் சும்மா கிடந்தன. அதில் ஒன்றில், மடியில் துவக்கையும் பேர்ப் பதிவுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, ஒரு சிப்பாய் மூச்சு வாங்க மிதித்து வந்துகொண்டிருந்தான். பக்கத்தில் வந்து அன்னத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "அக்கே, எலியட்ட என்ன" என்றான். வெளியே வரச் சொல்கிறான்.

கணவர் பதறி எழுந்தார். நான் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். கொஞ்சம் இருக்கச் சொல்லி உள்ளேயிருந்தே குரல் கொடுத்தேன். நான் இன்னும் தலை சீவவில்லை.